எல்லைக்குப் போகவேண்டிய புளியோதரை

1

தேசத்தின் பாதுகாப்பு வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்படவேண்டிய செய்தி: நான்கு அரசுத் துறைகள் சண்டை போடாமல் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பனிமலை எல்லையில் நிற்கும் ஜவானுக்கு, ஒரு வருடம் கெடாத புளியோதரை. முதல் மாதிரி சமைக்கப்பட்ட இடம், திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபம்.

சிரிக்காதீர்கள். நானும் சிரித்து முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். கதையைச் சொன்னவர் கே.ஜி.கண்டிகை மெக்கானிக் சர்தார் பாய், என் ஸ்கூட்டருக்கு பிரேக் மாட்டிக்கொண்டே. பாக்கெட்டுக்கு சீல் வைக்கும் மெஷினை ஓட்ட அவரைத்தான் கூப்பிட்டிருந்தார்களாம். மூன்று தடவை சொன்னார், மூன்று விதமாக. ஆகவே இதிலுள்ள குழப்பம் முழுக்க என்னுடையது அல்ல.

2

முதல் தொடக்கம்: 'அதிகாலைப் பனியில் மலைக்கோயிலின் மணியோசை—'

வேண்டாம். அது மே மாதம். பனிக்கு இங்கே வேலையில்லை.

இரண்டாம் தொடக்கம்: 'கிரிதரின் கைகள் நடுங்கின.'

இதுவும் பொய். பதினோரு வருடமாக மலைமேல் மடப்பள்ளியில் அண்டா தூக்கும் கை அது. பதினோரு வருடமும் தற்காலிகச் சமையல்காரன். அவன் சமைக்கப்போகும் இந்த முதல் மாதிரி தேறினால் 'தொழில்நுட்பச் சமையலர்' என்று நிரந்தர வேலை. கிளம்பும்போது மனைவி சாய்லக்ஷ்மி வாசல்வரை வந்து சொன்னாள்: "எதைக் கேட்டாலும் ஆங்னு சொல்லிட்டு வாங்கோ. உங்க நியாயத்தையெல்லாம் அங்க அவுத்துவிடாதேங்கோ."

3

அரிசி ஒரு துறை, புளி ஒரு துறை, எண்ணெயும் மிளகாயும் ஒரு துறை, உப்புக்கு ஆராய்ச்சித் துறை. எல்லாம் எடைபோட்டு அரக்கு முத்திரை வைத்த பொட்டலங்கள். ஒவ்வொன்றையும் உடைக்க ஒரு கையெழுத்து, ஒரு போட்டோ.*

(* கடுகு வெடித்துக்கொண்டிருக்கும்போது கையெழுத்துக்குக் காத்திருப்பது எப்படி என்று ஒப்பந்தத்தில் இல்லை.)

மடப்பள்ளியில் கிரிதர் யோசிக்கவே வேண்டாம். கை தானாகப் புளிக்குப் போகும், உப்பு ஜாடிக்குப் போகும். இங்கே கை போன இடத்திலெல்லாம் ஃபைல். எப்படியோ கிளறி இறக்கினான். மண்டபம் மணத்தது. ஆராய்ச்சித் துறை அதிகாரி தமயந்தி படிவத்தை நீட்டினார். கட்டம் ஒன்பது: 'தயாரித்தவராகிய நான் சுவைத்துப் பார்த்து, சரியென உறுதி கூறுகிறேன்.'

"ஒரு வாய் சாப்ட்டுட்டு கையெழுத்து போடுங்க சார்."

"நாங்க ருசி பாக்கறதில்லே மேடம். படைச்சப்புறந்தான் வாயில வைப்போம்."

"அப்போ எல்லாம் சரியா இருக்குன்னு எப்டி தெரியும்?"

"மூக்கு சொல்லும்."

"மூக்குக்குக் கட்டம் இல்லீங்களே."

கோயில் சார்பில் வந்திருந்த கங்காதரனுக்கு யோசனை பிறந்தது. "இன்னா கிரிதரு, மேல எத்துனு போயி படைச்சிட்டு வந்துடு. அப்பால துன்னு."

"படைச்சா அது பிரசாதம் சார்," என்றார் தமயந்தி. "எங்க ஆய்வகத்துல பிரசாதத்தை வாங்க மாட்டாங்க."

"ஆங், அதுவும் கரெக்டு. பிரசாதம்னா கவுன்ட்டர்ல டிக்கெட் போட்டுத்தான் வெளிய வுடணும்."

சர்தார் மெஷினிலிருந்து தலையை நீட்டினார். "எனக்கு ஒரு வாய் குடு சாமி. நான் சொல்லிடறேன்."

"நீங்க மெஷின் பிரிவு."

"நாக்கு எந்தப் பிரிவு மேடம்?"

தமயந்தி மேஜைமேல் கிடந்த ஃபைலைப் புரட்டினார்; நாக்கை எந்தத் துறைக்கும் ஒதுக்கியிருக்கவில்லை.

இந்த இடத்தில் கிரிதர்மேல் எனக்கே சந்தேகம். இது சாமிக்கு இல்லை, ஜவானுக்கு. ருசி பார்த்தால் என்ன குடிமுழுகிவிடும்? அவனும் அதையேதான் கேட்டுக்கொண்டான். சமைத்தது யாருக்கு என்று நாக்குக்குத் தெரியுமா? இன்றைக்கு ஒரு வாய் பழகினால், நாளைக்கு மேலே அடுப்பின் முன்னால் நிற்கும்போது அது மறுபடி கேட்கும். யாருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

4

முடிவு அ: ருசி பார்க்கிறான். வேலை நிரந்தரம். மறுநாள் அண்டாவின் முன்னால் நிற்கும்போது அவனுக்குள் ஏதோ— (இதை முடிக்க எனக்குத் தெம்பில்லை.)

முடிவு ஆ: மறுக்கிறான். தற்காலிகம் தொடர்கிறது. மூக்கை ஆராய நான்கு துறைகளும் சேர்ந்து ஒரு குழு—

முடிவு இ: வாயில் வைக்காமலே கையெழுத்துப் போடுகிறான். சாய்லக்ஷ்மி கேட்ட அந்த ஒரு 'ஆங்'.

எதுதான் நடந்தது என்று சர்தாரைக் கேட்டேன்.

"சாமி பேனாவ புட்ச்சிகினு நின்னுகினு இருந்தாரு. மெஷின் சூடாய்ச்சி, நான் அந்தாண்ட போய்ட்டேன். ஆனா ஒண்ணு சார், மேடம் ஃபைலைத் தூக்கனப்போ அடில ஒரு பொட்டலம். அரக்கு அப்படியே கீது."

பேனா கிரிதர் கையில் இருக்கிறது. எல்லையில் ஜவான் நிற்கிறான், வீட்டில் சாய்லக்ஷ்மி. இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த முடிவை எடுத்தாலும் சரி.

புளியோதரையில் உப்பு இல்லை.