பதினைந்து நாள் ஓய்வு

யாராவது என்னைக் குறை சொன்னால் முதலில் கோபம் பொத்துக்கொண்டு வரும். கோபம் அடங்கியதும், சொன்னது உண்மையா என்று பார்த்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. 2006 ஆவணியில், சிக்குன்குனியா காஞ்சிபுரத்தைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தபோது, என் கிளினிக் நர்ஸ் பூவம்மாளே அப்படி ஒரு குறையைக் கொண்டுவந்தாள்.

"கோச்சிக்காதீங்க டாக்டரம்மா. தெருவுல ஒரு பேச்சு இருக்குது. கைலாசம் டாக்டருகிட்ட போனா வீட்டுல ஒருத்தரோட காய்ச்சல் நின்னுடுதாம். நம்மகிட்ட வந்தா வீட்டையே ஒரு சுத்து சுத்துதாம்."

கைலாசம் என்ற பெயரே எனக்கு வயிற்றெரிச்சல். பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவின் மேல்கோடியில் அவர் கிளினிக், கீழ்க்கோடியில் என்னுடையது. அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வீங்கிப்போன முழங்கால் இடம் கொடுக்காததால், பாதி ஊர் எங்களைப் போன்ற தனியார் கிளினிக்குகளில்தான் வந்து விழுந்தது. கைலாசம் ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுவார். இரண்டே நாளில் வலி பறந்துபோகும், நெசவாளி தறியில் உட்கார்ந்துவிடுவார். நான் அந்த ஊசியைத் தொடமாட்டேன். காய்ச்சல் மாத்திரை, நிறைய தண்ணீர், அதற்குக் கீழே சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, 'பதினைந்து நாள் ஓய்வு. தறியில் உட்காரக் கூடாது.' அந்த அடிக்கோட்டில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"ஊசி போட்டு உடம்பைக் கெடுக்கறவர் நல்லவரு, நான் பொல்லாதவளா?" என்று பூவம்மாளிடம் எரிந்து விழுந்தேன். அவள் மருந்துச் சீட்டுகளை அடுக்கப் போய்விட்டாள்.

கோபம் அரைமணி நேரம் இருந்தது. அப்புறம் சங்கீதாவின் நினைவு வந்தது.

சங்கீதா என் நோயாளி வேலாயுதத்தின் மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். குழந்தை பிறக்க இன்னும் பத்து நாள்கூட இல்லை. பிரசவ சமயத்தில் தாய்க்கு இந்தக் காய்ச்சல் இருந்தால் பிறக்கும் குழந்தைக்கும் தொற்றும், அதன் மூளையைக்கூடத் தாக்கலாம் என்று அப்போதுதான் ஒரு மருத்துவ இதழில் படித்திருந்தேன். வேலாயுதத்துக்குக் காய்ச்சல் வந்து பதிமூன்று நாள். தெருப்பேச்சு உண்மையென்றால் அடுத்தது அந்த வீட்டில் யார்?

நோட்டை எடுத்தேன். அந்த வட்டாரத்தில் நாற்பத்தொரு வீடுகளிலிருந்து என்னிடம் வந்திருந்தார்கள். அதில் இருபத்து மூன்று வீடுகளில் மூன்றாவது வாரத்துக்குள் இன்னொருவர் படுத்திருந்தார். கைலாசத்தின் நோட்டு எனக்குக் கிடைக்காது. ஆனால் பூவம்மாள் அந்தத் தெருக்காரி. யார் வீட்டில் யாருக்கு எந்த டாக்டர் என்பது அவளுக்கு மனப்பாடம். விரல்விட்டுச் சொன்னாள். அவருடைய முப்பது வீடுகளில் இரண்டாவது ஆள் படுத்தது நான்கே வீட்டில்.

எனக்குக் கோபம் போய் ஆர்வம் பிடித்துக்கொண்டது. அதெப்படி? ஊசிக்குக் கொசுவை விரட்டும் சக்தி கிடையாது. ஒரே தெரு, ஒரே குழாய்த் தண்ணீர். சுகாதார ஊழியர்கள் எல்லா வீட்டிலும் டிரம்மைக் கவிழ்த்து, தேங்காய்ச் சிரட்டையைப் பொறுக்கி, புகையும் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பின்னே என் நோயாளிகளை மட்டும் கொசு தேடிப்பிடித்து வருமா என்ன?

மறுநாள் காலை பத்து மணிக்குப் பூவம்மாளைக் கூட்டிக்கொண்டு தெருவில் நடந்தேன்.

"இது நம்ம வீடு. இது அவரு வீடு. அதுவும் அவரு வீடு. இது நம்மளுது," என்று அவள் காட்டிக்கொண்டே வந்தாள்.

பத்து வீடு தாண்டியதும் அவள் காட்டத் தேவையில்லாமல் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டே என்னால் சொல்ல முடிந்தது. உள்ளே தறிச்சத்தம் கேட்டால் அது கைலாசத்தின் வீடு. சத்தமே இல்லையென்றால் என்னுடையது. பரவாயில்லையே, என் பேச்சைக் கேட்கிறார்களே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அடுத்த வீட்டு வாசலிலேயே அந்தச் சந்தோஷம் உறுத்த ஆரம்பித்தது. இரண்டு கட்சிக்கும் நடுவே இருந்த ஒரே வித்தியாசம் அதுதானே.

வேலாயுதத்தின் வீட்டுக்குள் போனேன். சங்கீதா கூடத்தில் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் இல்லை. வேலாயுதம் பாயில் படுத்திருந்தார்.

"நீங்க சொன்ன மாதிரியே தறிப்பக்கமே போவலம்மா," என்றார், பரீட்சையில் தேறியவர்போல.

"தறியை நான் பார்க்கலாமா?"

வேலாயுதத்தின் மனைவி தில்லையம்மாள் என் காலைத்தான் முதலில் பார்த்தாள். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தேன். "வாங்க," என்று உள்ளறைக்குக் கூட்டிப்போனாள்.

பாதி நெய்த அரக்குச் சேலை தறியில் அப்படியே இருந்தது. நெசவாளி காலைத் தொங்கவிடும் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் உட்காரும் மாதிரியே காலை உள்ளே விட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, கணுக்காலில் சுருக்கென்றது. இன்னொன்று. பட்டப்பகலில்! டார்ச் அடித்துப் பார்த்தேன். குழியின் அடியில், நீட்டிக் கட்டிய பாவு நூலுக்கு நேர்கீழே, வாயகன்ற மண்சட்டியில் தண்ணீர். அதில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

"இந்தச் சட்டி எப்பவும் இங்கேயா இருக்கும்?"

"இல்லம்மா. குறுக்கே ஓட்டுற ஊடைநூல் சுத்தின தார்க்குச்சிய நனைக்கிற சட்டி இது. நெய்யறப்ப மேல பக்கத்துல இருக்கும். காலையில கொட்டிட்டு புதுத் தண்ணி ஊத்துவோம், அழுக்குத் தண்ணியில பட்டு நூல நனைக்க முடியுமா? தறி நின்னுச்சுன்னா குழில எறக்கிடுவோம். ஈரம் இல்லன்னா பாவு காஞ்சு இழை பட்டு பட்டுன்னு அறுந்துடும்."

"அப்ப தினமும் தண்ணி மாத்தறதில்லையா?"

"கொறைய கொறைய ஊத்திக்கினு இருக்கேன்," என்றாள். அவள் குரலில் தவறாமல் செய்கிற ஒருத்தியின் பெருமை இருந்தது.

"புகை அடிக்கிறவங்க இதைப் பார்க்கலையா?"

"செருப்போட வந்தாங்க. பாவு ஏத்தின தறிகிட்ட செருப்போட வுடுவாங்களா யாராச்சும்?"

நான் குழியிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டவர் இரண்டு நாளில் தறிக்குத் திரும்பினார், மறுநாள் காலையே சட்டித் தண்ணீரைக் கொட்டினார். புழு கொசுவாக ஏழெட்டு நாள் வேண்டும். அவர் வீட்டில் அதற்கு மூன்று நாளுக்கு மேல் கிடைக்கவில்லை. என் வீடுகளில் பதினைந்து நாள் கிடைத்தது. சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு நானே கொடுத்த பதினைந்து நாள். தெரு முழுக்கக் காய்ச்சல்காரர்கள். அவர்களைக் கடித்துவிட்டு மற்றவர்களைக் கடிக்க, தறிக்குழிக்குள் நான் கொசு வளர்த்திருக்கிறேன்.

ஆனால் வாயைத் திறந்து நான் சொன்னது, "இதைக் கொட்டிடுங்க, பாவு மேல ஈரத்துணி போடுங்க," என்பது மட்டும்தான். தில்லையம்மாள் உடனே கொட்டினாள்.

அன்றைக்கே கொசுவலை வாங்கி வந்து பகலிலும் சங்கீதாவை அதற்குள் உட்கார வைத்தேன். ஏற்கெனவே கடிபட்டிருந்தால் ஒரு வாரத்துக்குள் காட்டிவிடும். தினமும் இரண்டு வேளை போய் அவள் நாக்குக்கடியில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு, அந்த இரண்டு நிமிஷமும் பெருமாளை வேண்டிக்கொண்டு நின்றேன். மற்ற வீடுகளா? கிளினிக்குக்கு வந்தவர்களிடம் சட்டியைக் கவிழ்க்கச் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. தெருவில் இறங்கி வீடு வீடாகப் போகவும் இல்லை. போனால் காரணம் கேட்பார்கள், காரணம் மேல்கோடிக்குப் போகும், கைலாசம் சிரிப்பார். அதுதான் பயம். வேறொன்றும் இல்லை.

ஆறாம் நாள் காலை சங்கீதாவுக்கு வலி எடுத்தது. ரயில்வே ரோடு பக்கத்து நர்சிங் ஹோமில் என் தோழி கிருஷ்ணவேணிதான் பிரசவம் பார்த்தாள். நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சங்கீதாவுக்கு ஜுரம் பார்த்து அவள் உயிரை வாங்கினேன். தொண்ணூற்றெட்டைத் தாண்டவில்லை. மத்தியானம் பெண்குழந்தை பிறந்தது. அது கத்திய கத்தலில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

தில்லையம்மாள் குழந்தையை என் கையில் கொடுத்தாள். "எல்லாம் உங்க கைராசிம்மா. தெருவுல என்னென்னவோ பேசுனாங்க. நான் ஒத்துக்கவே இல்ல."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "தெருவுல பேசினது நிஜம்," என்றேன். சட்டி, பதினைந்து நாள், இருபத்து மூன்று வீடு, எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க பொண்ணுக்கு ஆபத்தைக் கொண்டுவந்ததே நான்தான்."

அவள் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். துணியை இழுத்து அதன் காலை மூடினாள். திட்டுவாள் என்று நின்றேன்.

"மத்த வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டீங்களா?"

"பத்தொன்பது வீட்டுக்குச் சொன்னேன்."

"மிச்சம்?"

"இருபத்தொன்று."

"ஆறு நாளாவா?" என்றாள் தில்லையம்மாள். "அப்பறம் ஏம்மா இங்க நின்னுக்கினு இருக்கீங்க?"