வெண்கலக் காலில் எங்கள் ஊர்த் தூசி

எனக்கு மிகைப்படுத்திப் பேசும் வழக்கம் இல்லை. எங்கள் ஊர்ப் பெண் நியேவெஸ் பதினான்கு வயதில் அடித்த ஒரு டென்னிஸ் பந்து ஆற்றைத் தாண்டிப் போய் அக்கரை ஊரான வியாசேகாவின் தேவாலயத்து மணியில் பட்டது. அந்த ஊரில் பாதிப் பேர் பூசைக்குக் கிளம்பிவிட்டார்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

எங்கள் தெஹாரில் எல்லாருக்கும் ஓட்டுச் சூளைதான் பிழைப்பு. உடைந்த ஓடுகளை இடித்துச் சலித்து, சூளைக்குப் பின்னால் அவளுக்கு டென்னிஸ் தரை போட்டுக் கொடுத்தவன் நான். அந்தச் செந்தூளில் சறுக்கிப் பழகியவள் பதினேழு வருடம் உலகம் சுற்றி முப்பத்தோரு கோப்பைகள் வாங்கினாள். அவள் இறுதி ஆட்டம் ஆடும் நாளில் எங்கள் சூளைப் புகைகூட நின்று பார்த்துவிட்டுத்தான் மேலே போகும். போன வருடம் முழங்கால் ஒத்துழைக்கவில்லை, ஓய்வு பெற்றுவிட்டாள்.

உடனே வியாசேகாக்காரர்கள் தங்கள் சதுக்கத்தில் அவளுக்கு வெண்கலச் சிலை வைத்து, 'எங்கள் ஊர் மகள்' என்று பொறித்துவிட்டார்கள். அவள் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பஸ் அந்த ஊரில் நின்ற பத்து நிமிடத்தில் இவளைப் பெற்றுவிட்டாள். பதிவேட்டில் அந்த ஊர்தான்.

அவ்வூர் முடிதிருத்துபவன் செனோன் மதுக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன ஃபுல்ஹென்சியோ, சிலை திறக்க வருவேல்ல? மீசையோட வா. அவ எங்க ஊர்க்காரின்னு அங்க நீயே ஒத்துக்குவே, திரும்பிப் போறப்ப அது எங்கிட்ட இருக்கும்."

"யோவ், அவ எங்க ஊர்க்காரிதான்னு உங்க மேயரே ஒத்துக்கிட்டா?"

"என் மீசையை எடுத்துக்க!"

என்னுடையது நாற்பது வருட மீசை. அதற்கென்று தனிச் சீப்பே உண்டு.

ஞாயிறு நண்பகல் எட்டு டிராக்டர்களில் போய் இறங்கினோம். துணி விலகியது. ஒரு காலை மடக்கித் தூக்கி, ராக்கெட்டால் காலணியைத் தட்டிக்கொண்டு நின்றாள் வெண்கல நியேவெஸ். ஆட்டத்தில் அவள் ஒவ்வொரு சர்வீசுக்கும் முன்னால் காலுக்கு மும்மூன்று தட்டு தட்டுவாள். அதை அதிர்ஷ்டச் சடங்கு என்று எழுதாத பத்திரிகை இல்லை. எனக்குச் சிரிப்பு முட்டியது. இருமலாக மாற்றிக்கொண்டேன்.

பிறகு நகர மன்றத்தில் குளிர்ந்த வெர்முத் மதுவும் ஆலிவ் காயும். வாசலில் நியேவெஸ் நின்றுவிட்டாள். உள்ளே வெள்ளைப் பளிங்குத் தரை. நிலைப் பக்கம் கையால் எதையோ துழாவினாள். கிடைக்கவில்லை.

"மாமா, உங்க தடியைக் குடுங்க."

இடது காலில் மூன்று, வலது காலில் மூன்று தட்டினாள். தடியை எனக்குக் கொடுத்தாள். நான் தட்டினேன். அடுத்தவனுக்குக் கொடுத்தேன். எட்டு டிராக்டர் ஜனமும் தட்டி முடிப்பதற்குள் வெர்முத் சூடாகிவிட்டது.

மேயரம்மா வாயைப் பிளந்தார். "இது... உங்க அதிர்ஷ்டத்துக்குச் செய்றதில்லையா?"

"அதிர்ஷ்டமாவது ஒண்ணாவது! எங்க தெஹார்ல வாசலுக்கு வாசல் செருப்புத் தூசி தட்ட ஒரு குச்சி தொங்கும்மா. ஓட்டுத் தூசியோட உள்ள போனா அம்மா அந்தக் குச்சியாலயே முதுகுல போடுவாங்க. ஆட்டத்துல கையில ராக்கெட்தானே இருக்கு, அதால தட்டுவேன்."

மேயரம்மா சன்னல் வழியாகச் சிலையைப் பார்த்தார்.

"அப்போ நாங்க உங்க ஊருக்கில்ல சிலை வெச்சிருக்கோம்!"

செனோன் சவரக்கத்தியை என்னிடம் நீட்டினான். நான் இரக்கமுள்ளவன். அவன் மீசையில் வலப்பக்கத்தை மட்டும் சிரைத்து விட்டுவிட்டேன்.

பொறித்த எழுத்தை இன்னும் அவர்கள் மாற்றவில்லை, மாற்றவும் வேண்டாம். எங்கள் பெண் அங்கே நின்று எங்கள் தூசியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். தினமும் காலையில் அந்தப் பீடத்தைச் சுற்றி ஒரு முறம் செந்தூள் அள்ளுகிறார்களாம்.