அரக்குப் பேனாவின் உப்புக்கொத்திகள்

இறந்த அன்று காலையில் தமோட்சு, ஏழாவது முறையாகத் திரும்பி வந்திருந்த ஐந்து தங்க உப்புக்கொத்திப் பறவைகளையும் அரக்குப் பேனாவின் மேல் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, டோஃபு என்னும் சோயாக் கட்டி வாங்கி வரும்படி மனைவி கினுயோவிடம் சொன்னார். "மெத்துனு இருக்கான்னு பாத்து வாங்கு. போன தடவை செங்கல்லுதான் வாங்கிட்டு வந்தே." அவள் மெத்தென்றுதான் வாங்கி வந்தாள். அதற்குள் அவர் நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டிருந்தார்.

கோபே நகரத்தில், மோட்டோமாச்சி ரயில் பாலத்தின் அடியில் இருந்த அந்தக் கடையில் பழைய பேனாக்களை மட்டுமே விற்றார்கள். அவற்றில் ஒன்று போருக்கு முன் செய்த, கறுப்பு அரக்குப் பூசிய பேனா. அதன் மேல் தங்கப்பொடியால் ஐந்து உப்புக்கொத்திகள், கடற்கரை ஈரத்தில் ஓடும் சிறு பறவைகள், வரையப்பட்டிருந்தன. யாருக்கு விற்றாலும் மூன்றாம் நாள் அவை கிளம்பி வந்து, கதவிடுக்கில் நுழைந்து, தமோட்சுவின் உள்ளங்கையில் இறங்கும். ஹிரோஷிமா பல் மருத்துவரும் யோக்கோஹாமா கப்பல் முகவரும் பறவையில்லாத மொட்டைப் பேனாவைத் திருப்பிக் கொடுத்துச் சண்டை போட்டார்கள். பறவைகள் சப்போரோவிலிருந்து வந்தபோது மட்டும் நான்கு நாளாயிற்று, வழியில் பனிப்புயல்.

அந்தப் பேனாவை ஒருபோதும் வாங்காமல் எழுதிப் பார்க்க மட்டும் வந்தவள், ஆஷியாவிலிருந்து வரும் சேகரிப்பாளர் ஷிகாமா-சான். வியாழக்கிழமைதோறும் வருவாள். பழைய பேனாவைச் சோதிப்பவர்கள் எல்லோரையும் போல அவளும் முள்ளை மையில் தொட்டு 'நித்தியம்' என்று பொருள்படும் ஒற்றைச் சித்திர எழுத்தை எழுதுவாள். எல்லா வகைக் கோடும் அந்த ஓர் எழுத்தில் வந்துவிடும். மற்றவர்கள் எழுதினால் முள்ளைத் துடைக்கக் காகிதம் கொடுக்கும் தமோட்சு, அவள் எழுதினால் தன் கைக்குட்டையால் துடைப்பார். பின்னறையில் பேனாக்களைக் கழுவிக்கொண்டிருக்கும் கினுயோவுக்கு இருவரும் சிரிப்பது கேட்கும். கைக்குட்டையைத் துவைத்தவளும் கினுயோதான். பதினாறு வருடம் வெள்ளிக்கிழமைதோறும் அந்த நீலக் கறையைத் தேய்த்தாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் அஸ்தியை மலைமேல் மயானத்தில் வைத்துவிட்டு வந்த வாரமே, கினுயோ ஷிகாமா-சானைக் கூப்பிட்டனுப்பினாள். பேனாவைக் கொடுத்தால் மூன்றே நாளில் பறவைகள் தன்னிடம் வந்துவிடும், அவள் கையில் கறுப்புக் குச்சி மிஞ்சும் என்பதுதான் கணக்கு.

"உங்க கையில இருந்தாத்தான் அவருக்கு நிம்மதி," என்றாள்.

"மனசாரத்தான் சொல்றீங்களா, கினுயோ-சான்?"

"பின்னே? பதினாறு வருஷமா உங்களைப் பாத்துட்டுத்தானே இருக்கேன்."

ஷிகாமா-சான் பேனாவை வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் கினுயோ கதவைத் திறந்தே வைத்திருந்தாள். நான்காம் நாளும். ரயில்கள் மேலே போய்க்கொண்டிருந்தன, பறவைகள் வரவில்லை. அப்படியானால் அவை ஷிகாமா-சானிடமே தங்கிவிட்டன என்று தோன்றியபோது கினுயோவுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் தொலைபேசி ஒலித்தது.

"பறவைங்க பத்திரமா வந்து சேந்துச்சா?"

கினுயோ திறந்திருந்த கதவைப் பார்த்தாள். "வந்துச்சே. உங்களைக் கேட்டதா சொல்லச் சொல்லுச்சு."

"குசும்பு," என்று சொல்லி ஷிகாமா-சான் தொலைபேசியை வைத்தாள். கினுயோவுக்கு அன்று சோறு இறங்கியது. ஆனால் பறவைகள் எங்கே என்பது தெரியவில்லை.

நூறாம் நாள் கினுயோ மயானத்துக்குப் போனபோது ஷிகாமா-சான் அங்கே முன்னரே நின்றிருந்தாள், கையில் மொட்டைப் பேனாவோடு. கல்லறைக் கல்லின் மேல் ஐந்து உப்புக்கொத்திகளும் ஈரத்தில் நடந்துகொண்டிருந்தன. அவை கடைக்குத் திரும்பி வருவதாகத்தான் கினுயோ இத்தனை காலமும் நினைத்திருந்தாள். தமோட்சு கடையை விட்டு எங்கும் போகாத மனிதர்; அதனால் வந்த பிழை.

"வந்துச்சுன்னீங்களே," என்றாள் ஷிகாமா-சான்.

"வந்துச்சுதானே, இங்கே. உங்களை விட்டுப் போனது நெசம்தானே?"

"உங்ககிட்டயும் வரலையே."

இருவரும் ஆளுக்கொரு அகப்பைத் தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றினார்கள், பறவைகள் மேல் படாமல். வந்து கேட்ட சேகரிப்பாளர்களுக்கு, அவை விற்பனைக்கு இல்லை என்று கினுயோ சொல்லிவிட்டாள். மயானக் காவலர் பதிவேட்டில் அந்தக் கல்லுக்கு நேரே 'பறவை ஐந்து' என்று எழுதிவைத்தார்.

மலைக்குப் போகக் காலையில் ஒரே ஒரு பேருந்துதான்; மாதந்தோறும் தமோட்சு இறந்த தேதியில் இருவரும் அதில் ஏறுகிறார்கள். கினுயோ ஓட்டுநருக்குப் பின்னால் உட்காருகிறாள், ஷிகாமா-சான் கடைசி வரிசையில்.