நல்வாழ்வு மையத்துக்கு வந்த லாரிக்காரர்

சலவைக்கடைக்கு மேல் மாடியில் இருந்த சபைக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். கவலையில் போதகர் பாதியாக இளைத்துவிட்டார். அப்போதுதான் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஒரு யோசனை சொன்னார். அவர் விளம்பரக் கம்பெனிக்காரர்.

“மாப்பிள்ளை, சபை, சிலுவை, பாவம்னு சொன்னா ஜனங்க மாடிப்படியிலயே திரும்பிடுவாங்க. ‘நல்வாழ்வு மையம்’னு வைங்க. கோபத்தை அடக்குறது, நிம்மதியாத் தூங்குறது, இப்படிப் பேசுங்க. மத்ததை மெதுவாப் பாத்துக்கலாம்.”

போதகருக்கும் அது சரியென்று பட்டது. பலகை மாறியது. மூட்டுவலிக்கு எண்ணெய் கேட்டு ஒருவர் வந்தார். எடை குறைக்கும் மிஷின் எங்கே என்று ஒரு அம்மா அறை முழுக்கத் தேடினார். போதகரின் மனைவி நர்ஸ்; அவள்தான் அவரை உட்காரவைத்து, ரத்த அழுத்தம் பார்த்துச் சமாளித்தாள்.

“ஏங்க, கூட்டம் என்னவோ வருது. ஆனா எங்க ஆஸ்பத்திரிக்கும் உங்க சபைக்கும் எனக்கே வித்தியாசம் தெரியலை,” என்றாள். போதகர் சிரித்து மழுப்பினார்.

வந்தவர்களில் ஒரு லாரி டிரைவரும் இருந்தார். வாட்டசாட்டமான ஆள், அவர் உட்கார்ந்தால் நாற்காலி முனகும். வாயே திறக்கமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, போதகர் பேசி முடித்ததும் எழுந்து நின்றார்.

“சார், கோபம் வந்தா மூச்சை எண்ணச் சொன்னீங்க. எண்ணுறேன், அடங்குது. ஆனா முன்னாடி ஒரு தடவை கோபத்துல எங்க அண்ணன் கையை முறிச்சுட்டேன். அதுக்கு எதை எண்ணுறது?”

போதகர் மச்சானைப் பார்த்தார். மச்சான் மின்விசிறியைப் பார்த்தார். தயாரித்து வைத்திருந்த பேச்சு எதுவும் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அங்கே பல வாரங்களாகச் சொல்லாத பெயரைச் சொன்னார்.

“அதுக்கு எண்ண வேண்டியது ஒண்ணுமில்லை. இயேசு உங்க பாவத்தைத் தன்மேல ஏத்துக்கிட்டு சிலுவையில செத்தாரு. உயிரோட எழுந்தாரு. அவரை நம்பி வந்தா மன்னிச்சு, கடவுளோட பிள்ளையாச் சேத்துக்குவாரு. நீங்க எதையும் சம்பாதிச்சுக் கொண்டுவர வேண்டாம்.”

சொல்லச் சொல்ல அவர் குரலில் தெம்பு வந்தது.

டிரைவர் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு நிஜமான கடுப்போடு கேட்டார்: “இவ்வளவு பெரிய சங்கதியைக் கையில வச்சுக்கிட்டு, இத்தனை நாளா மூச்சு எண்ணவா சொல்லிக் குடுத்தீங்க?”

முதலில் சிரித்தது மச்சான்தான். போதகருக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “தப்புதாங்க. இது போதும்ங்கிற நம்பிக்கை எனக்கே விட்டுப்போச்சு,” என்றார்.

மறு வாரம் பழைய பலகையை மாட்ட ஏணியில் ஏறியவரும் மச்சான்தான். மூட்டுவலிக்காரர் அதற்குப் பிறகு வரவில்லை. எடை குறைக்க வந்த அம்மா வந்தார்; கூடவே தன் தங்கையையும் அழைத்து வந்தார். போதகர் சுற்றிவளைக்காமல் பிரசங்கம் செய்தார்.

டிரைவர் தன் அண்ணன் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றே அழுது மன்னிப்புக் கேட்டிருந்தார். அடுத்த மாதம் அண்ணனும் மாடிப்படி ஏறி வந்தார். பிரசங்கம் பாதியில் இருக்கும்போதே எழுந்துவிட்டார்.

“ஐயா, அடிச்சவனுக்கு மன்னிப்பு உண்டுன்னு இவன் பாக்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான். அன்னைக்கு வம்பை இழுத்துவிட்டதே நான்தான். எனக்கும் உண்டா?”

“உங்களுக்கும் உண்டு,” என்றார் போதகர். பிரசங்கத்தை அப்படியே நிறுத்திவிட்டு, நாற்காலியை இழுத்து அவர் எதிரில் போட்டுக்கொண்டு, எல்லாரும் கேட்க முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.