ஐந்தாவது குட்ஷெட்

அத்தான் வேலை பார்த்த, ரயில் சரக்கு இறக்கும் குட்ஷெட்டை மூடச் சொல்லி எழுதியவள் அவள்தான். இது அத்தானுக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. தெரியாததால்தான் அன்று காலை அத்தான், தன்னோடு மூட்டை தூக்குகிறவர்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையும் சிரித்த முகமுமாக அவளுடைய ஆபீசுக்கே வந்து நின்றார்.

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல? எந்த ரயில் எங்க நிக்கணும், எங்க நிக்காம போகணும், எல்லாம் நம்ம சின்னவ கையிலதான் இருக்கு" என்று அவர் கூட வந்தவர்களிடம் பெருமையடித்தார்.

சரக்கு ரயில்களுக்குத் திட்டம் போடும் பிரிவில் அவள் அதிகாரி. அந்த வட்டாரமே துறைமுகத்தை நம்பிப் பிழைப்பது. உள்ளே விளைவது வெளியே போக வேண்டும், வெளியிலிருந்து வருவது உள்ளே வர வேண்டும், நடுவில் இருப்பதோ ஒரே ஒரு தண்டவாளம். கப்பல்கள் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போயின. பாதை மட்டும் போட்டது போட்டபடி கிடந்தது. வழியிலுள்ள சின்னச் சின்ன குட்ஷெட்டுகளில் பத்துப் பதினைந்து வேகன்களைக் கழற்றிவிட எஞ்சின் முன்னும் பின்னும் அலையும். அதுவரை கண்டெய்னர் ரயில்கள் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்குள் கப்பல் கிளம்பிவிடும். ஒருமுறை கப்பலைத் தவறவிட்ட வியாபாரி மறுமுறை லாரிக்காரனைத்தான் கூப்பிடுவான். ஐந்து குட்ஷெட்டுகளை மூடினால் தினமும் ஒரு முழு ரயிலைக் கூடுதலாக விடலாம் என்று அவள் கணக்குப் போட்டுக் காட்டினாள். கணக்கில் பிழை இல்லை.

நாலு குட்ஷெட்டுகளைப் பற்றி யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஐந்தாவதில்தான் இழுபறி. ஒன்று ஆற்றுப் பாலத்தை ஒட்டியது, இன்னொன்று அத்தானுடையது. இரண்டுக்கும் மயிரிழைதான் வித்தியாசம். "உங்களுக்கு எது சரின்னு படுதோ அதை எழுதுங்க" என்று மேலதிகாரி அவளிடமே விட்டுவிட்டார். அத்தானுடையதை விட்டுவைத்தால், சொந்தக்காரனைக் காப்பாற்றிவிட்டாள் என்று நாளைக்கு யாராவது ஒருவன் வாயைத் திறப்பான். அந்த ஒரு பேச்சுக்குப் பயந்து அத்தானுடையதை எழுதினாள். அன்று வீடு திரும்பும்போது தன் நேர்மையைப் பற்றி அவளுக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை இப்போது முள்ளாகக் குத்தியது. வந்தவர்களுக்கு டீ வரவழைத்தாள். அவர்களில், குட்ஷெட்டில் சிந்திய தானியத்தைக் கூட்டி அள்ளுகிற பெண்மணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தரையில் தன் செருப்பு மண்ணாக்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், மூடப்போறாங்கன்னு பேசிக்கிறாங்களே, நிச்சயம்தானா?" என்று அந்தப் பெண்மணி கேட்டாள்.

"அதான் வந்துட்டோம்ல, சும்மா இரு. மேல யாரோ விவரம் தெரியாதவன் எழுதியிருப்பான். சின்னவ பேசினா மாத்திடுவாங்க. என்ன சின்னவ?" என்றார் அத்தான்.

"பாக்கறேன் அத்தான்."

அந்த இரண்டு வார்த்தையை வாங்கிக்கொண்டு, ஏதோ உத்தரவையே கையில் வாங்கிவிட்ட மாதிரி அவர்கள் இறங்கிப் போனார்கள்.

மறுநாள் அக்கா போன் செய்தாள். "என்னடி மந்திரம் போட்டே? இத்தனை நாளா புரண்டு புரண்டு படுத்த மனுஷன் நேத்து குறட்டை விட்டுத் தூங்கினாரு. நீ இருக்கும்போது எங்களுக்கென்ன கவலை!"

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, அடுத்த லீவு நாளில் அத்தானின் குட்ஷெட்டுக்குப் போனாள்.

சிமெண்ட் இறங்கிக்கொண்டிருந்தது. வேகனின் கதவிலிருந்து லாரிக்குப் பலகை போட்டிருந்தார்கள். தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே சாம்பல் முகம். அத்தானைக் குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. அவளைப் பார்த்ததும் தோள் துண்டால் ஒரு மர ஸ்டூலைத் தட்டிவிட்டு, "உக்காரு, உக்காரு. நல்ல சேதியாத்தானே?" என்றார்.

"அத்தான், அதை எழுதினது நான்தான்."

"எதை?"

"இதை மூடணும்னு எழுதினதை."

அத்தான் ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். "போ சின்னவ! மேல கேட்டிருப்பே, முடியாதுன்னிருப்பாங்க. அந்தப் பழியை நீ ஏன் உன் தலையில தூக்கிப் போட்டுக்கறே? நீ இவ்வளவு தூரம் வந்ததே போதும்." அவள் தோளில் கை வைக்கப் போனவர், கையில் சிமெண்ட் இருப்பதைப் பார்த்து இழுத்துக்கொண்டார்.

இத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். பழியும் போயிருக்கும், உறவும் நின்றிருக்கும். ஆனால் அவர் அப்படி நம்பியதுதான் அவளைச் சுட்டது.

"இல்ல அத்தான், கேளுங்க. இதுவும் ஆத்துப்பாலத்து குட்ஷெட்டும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருந்தது. எதை வேணாலும் எழுதியிருக்கலாம். நீங்க இங்க இருக்கீங்கன்னுதான் இதை எழுதினேன். இதை விட்டுட்டா என்னைப் பத்தி ஏதாவது பேசுவாங்கன்னு."

வேகனிலிருந்து யாரோ, "அண்ணே, அடுத்த லாரியை விடலாமா?" என்று கத்தினார்கள். அத்தான் திரும்பவில்லை.

"அப்போ, நாங்க உனக்கு வேண்டாதவங்களா இருந்திருந்தா பொழச்சிருப்போம்" என்றார் மெதுவாக.

அவர் திட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை மேலதிகாரியிடம் போய், அந்த இடத்தில் தன் அக்கா புருஷன் வேலை பார்க்கிறார் என்பதைச் சொன்னாள்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கணும்ல? சொல்லியிருந்தா இந்த வேலையை வேற ஆள்கிட்ட கொடுத்திருப்பேனே" என்று அவர் எரிந்து விழுந்தார். பிறகு இரண்டு இடங்களையும் பார்த்துவர வேறொரு அதிகாரியை அனுப்பினார். அந்த மனிதர் பார்த்துவிட்டு வந்து, ஆற்றுப் பாலத்து குட்ஷெட்டில் பக்கவாட்டுத் தண்டவாளம் சற்று நீளம், அதனால் அது இருக்கட்டும், மற்றதையே மூடலாம் என்றார். "ஆக, நீங்க எழுதினது சரிதான். நிம்மதியா போங்க" என்றார் மேலதிகாரி. நிம்மதி வரவில்லை. தண்டவாளத்தின் நீளத்தைப் பார்த்து அவள் எழுதவில்லையே.

குட்ஷெட் மூடப்பட்டது. கூடுதல் ரயில் ஓடத் தொடங்கியது. ஏற்றுமதிக்காரர்கள் பாராட்டினார்கள், அவளுக்குப் பதவி உயர்வுகூட வந்தது. அக்கா போனில் குழந்தைகளின் படிப்பைப் பேசினாள், முட்டிவலியைப் பேசினாள், அத்தானைப் பற்றி மட்டும் பேச்செடுக்கவில்லை. அவர் ஏதோ ஒரு கிடங்கில் லாரிக்கு மூட்டை ஏற்றப் போகிறார் என்று வேறு யாரோதான் சொன்னார்கள்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் அத்தானே ஆபீசுக்கு வந்தார். இந்த முறை தனியாக. ஆள் இளைத்திருந்தார். உட்காரச் சொன்னதற்கு, "இருக்கட்டும்" என்று நின்றபடியே பேசினார்.

"துறைமுகத்துல இருக்கிற பெரிய டெர்மினல்ல ஆள் எடுக்கறாங்களாம். எங்க ஆளுங்கள்ல வயசானவங்களை யாரும் கூப்பிடமாட்டேங்கறாங்க. அந்தக் கூட்டி அள்ளுற அம்மாவுக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் ஏதாவது வேலைக்குச் சொல்லிவிடேன்."

"கண்டிப்பா சொல்றேன் அத்தான். உங்களுக்கும் சேத்தே..."

"எனக்கு வேணாம். சொந்தக்காரன்னு யாராவது பேசிடப்போறாங்க."

அவர் குரலில் குத்தலே இல்லை. உள்ளபடியே அவளுக்காகத்தான் கவலைப்பட்டுச் சொன்னார். அவர் படியிறங்கிப் போன பிறகு அவள் டெர்மினலுக்கு போன் போட்டாள். எதிர்முனையில் எடுத்தவர் அந்த மூன்று பேரும் உங்களுக்கு உறவில் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"எனக்கு ரொம்ப வேண்டியவங்க" என்றாள்.