தூறலில் நின்ற மோட்டார்

எங்கள் நிலத்தில் தூறல் விழுந்தால் ஓடிப்போய் மோட்டாரைப் போட வேண்டும். சிரிக்காதீர்கள். கிணற்றுத் தண்ணீரே உப்பு. சொட்டுநீர்க் குழாய் அந்த உப்பை வேரிலிருந்து தள்ளிக்கொண்டுபோய்ப் பாத்தி ஓரத்தில் வெள்ளையாய்ப் படியவைக்கும். பெருமழை என்றால் அதை ஆழத்துக்குக் கழுவி இறக்கிவிடும். தூறலோ ஓரத்து உப்பைக் கரைத்து வேருக்கே திருப்பிக் கொண்டுவரும். அந்த நேரம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் உப்பு கிட்டே வராது. மழையில் தண்ணீர் பாய்ச்சும் பைத்தியங்கள் என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் சிரித்துவிட்டான்.

பைத்தியங்கள் என்றால் நானும் அண்ணனும். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. என் மனைவி போன வருடமே மகளோடு டவுனுக்குப் போய்விட்டாள். "உப்பைப் பெருக்கிக்கிட்டு என்னால உக்கார முடியாது. வந்தா வாங்க" என்றாள். எனக்கும் போகத்தான் துடிப்பு. நிலத்தை அப்படியே போட்டுவிட்டுப் போக முடியுமா? இந்த உப்புக்காட்டை எவன் எடுப்பான்? கடைசியில் ஒரு நாற்றுப்பண்ணைக்காரர் மசிந்தார். "தக்காளி காய் பிடிச்சு நிக்கட்டும். வெள்ளிக்கிழமை பாத்துட்டு நானே குத்தகைக்கு எடுத்துக்கறேன்." காயும் பிடித்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

செவ்வாய்க்கிழமை டவுனில் மூன்று பேருக்கும் தோதான வாடகை வீடு பார்க்கக் கிளம்பினேன். "அண்ணே, தூறல் போட்டா..." என்று ஆரம்பித்தேன்.

"போடா, எனக்கே சொல்லித் தர்றியா?" என்றான். நியாயம்தான். மூன்று பயிரைப் பறிகொடுத்து இந்த வழியைக் கண்டுபிடித்தவனே அவன்தான்.

அன்று மத்தியானம் தூறியது. டவுனில் மகளோடு ஜன்னலோரம் நின்று பார்த்தேன். அண்ணன் இருக்கிறான் என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன், மடையன்.

வியாழக்கிழமை வந்து பார்த்தால் இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டிருந்தது. அண்ணனைத் தேடினால் ஆளையே காணோம். மறுநாள் வந்த பண்ணைக்காரர் வரப்பைத் தாண்டவே இல்லை. "மன்னிச்சுக்கங்க தம்பி" என்று வண்டியைத் திருப்பினார்.

மோட்டார் கொட்டகைக்கு ஓடினேன். அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"அன்னைக்கு கரண்ட் போயிடுச்சா?"

"இல்ல."

"பின்னே, மறந்து தொலைச்சியா?"

"மோட்டார் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. தூறல் விழுந்ததும் நான்தான் நிறுத்தினேன்."

அடப்பாவி! சட்டையைப் பிடித்துத் தூக்கினேன். அவன் தடுக்கக்கூட இல்லை.

"நீயும் போயிட்டா நான் யார்கூடடா பேசுவேன்?" என்று சின்னப்பிள்ளை மாதிரி விம்மினான்.

ஓங்கின கை அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, அவர் வந்தாரா?"

அண்ணன் என் வாயையே பார்த்தான். எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. ஆனாலும் வாயில் வந்தது வேறு. "கரண்ட் போயிடுச்சும்மா. செடியெல்லாம் போச்சு. குத்தகை இல்லன்னுட்டார்."

"சரி விடுங்க, மனசு ஒடஞ்சு போயிடாதீங்க. நல்லவேளை, அண்ணன் கூட இருக்காரு" என்றாள்.

"ஆமா," என்றேன். "கூடவேதான் இருக்கான்."