தலை கொடுத்தவர்

துணிக்கடை ஆண்டு விழாவில் காகிதத் தொப்பி அணிந்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில், "காபி ஆறிப்போச்சு" என்றார்கள். அந்தக் குரல் அந்தத் தொப்பிகளைச் செய்து விற்ற தொப்பிக்காரியின் கணவருடையது. அவர் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

காரணம் எளிது. தொழில் தொடங்கியபோது தொப்பிக்காரி வாங்கிய தலை வடிவ மர அச்சைக் கரையான் தின்றுவிட்டது. கணவரின் தலையோ பக்கத்திலேயே சும்மா இருந்தது. பசையில் நனைத்த காகிதத்தை அதன்மேல் அடுக்கடுக்காக ஒட்டி, விளிம்பை விசிறி போல மடித்து, காயும்வரை அவரை ஜன்னலோரம் உட்கார வைப்பாள். "வாயத் திறக்காதீங்க, மடிப்பு விட்டுடும்" என்பாள். வருடக்கணக்கில் அவர் திறக்கவில்லை. சொல்ல வந்ததெல்லாம் ஈரக் காகிதத்தில் ஊறியது. தொப்பி தலையில் இல்லாத நேரத்திலும் பேசும் பழக்கம் விட்டுப்போனது.

விழாவுக்குப் பிறகு வியாபாரம் சூடுபிடித்தது. மேடையில் நாக்கு ஒட்டிக்கொள்ளும் பிரமுகர்கள் தொப்பியை வாடகைக்கு எடுத்தார்கள். திறப்பு விழாவில் ஒருவர் முழங்கால் வலியைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். மனதிலிருந்து பேசியதாகப் பாராட்டினார்கள். ஊருக்கெல்லாம் பேசிய மனிதர் கட்டிய மனைவியிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவளை அரித்தது. சுவரோடு எத்தனை நாள் குடும்பம் நடத்துவது? அக்கா வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று அவரிடமே சொன்னாள். அவர் தலையில் ஈரத்தொப்பியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

அழைத்துப்போக அக்காவே வந்தாள். அவளுக்கு அந்த மனிதரைக் கல்யாணத்தன்றிலிருந்தே பிடிக்காது. பெட்டியைக் கட்டி முடித்தவள், அன்று காலை காய்ந்த நீலத்தொப்பியைப் பார்த்தாள். ஆசை யாரை விட்டது? கண்ணாடி முன் நின்று போட்டுக்கொண்டாள்.

"போகாத," என்றது அவள் வாயிலிருந்து அவர் குரல். "வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னது நீதான். இப்ப பேசலன்னு கோச்சிக்கிட்டா எப்படி? நீ போயிட்டா இந்தத் தலைய வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

அக்கா தொப்பியைப் பிடுங்கி எறிந்தாள். "அடியே, நான் ஒண்ணும் சொல்லல! கிளம்பு!"

தொப்பிக்காரி கிளம்பவில்லை. அழுதுகொண்டே ஜன்னலோரம் ஓடி, "பேசுங்க, மடிப்பு போனா போகட்டும்" என்று கணவரின் தோளை உலுக்கினாள். அவரும் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அவர் குரல் வாய்க்கு வரும் வழியை மறந்து தொப்பிக்கே போய்ப் பழகியிருந்தது.

வேறு வழியில்லாமல் அக்காவும் அங்கேயே தங்கிவிட்டாள். தினமும் காலையில் அவர் தலையில் காய்ந்த தொப்பியை அவள் போட்டுக்கொள்ள, கணவனும் மனைவியும் பேசிக்கொள்கிறார்கள். சண்டை வந்தால் அக்கா தொப்பியோடு அவர் பக்கம் நின்று கத்துவாள். கழற்றிவிட்டுத் தங்கை பக்கம் நின்று அதைவிடச் சத்தமாகக் கத்துவாள். குடும்பம் என்றால் நாலும் இருக்கும் என்று தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.